ஜன்னல் வைக்காத பக்கம்

10 பிப்ரவரி 1991

அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஊரைக் கரித்துக்கொட்டுகிறவர்களுக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த காலி மனையை வாங்கியது யார் என்று தெருவெல்லாம் விசாரித்தீர்களாம். நாங்கள்தான். நேற்று குட்டிக்கு முதல் பிறந்தநாள். கேக் வெட்டிய கையோடு அஸ்திவாரம் தோண்டினோம். குட்டியின் அப்பா கடப்பாரை போட, நான் மண்ணைச் சுமந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் அவரோடு வேலை செய்கிறவர்கள். பரிசுக்குப் பதிலாக ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள்.

எங்கள் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உங்கள் வாசலில் வந்து நின்றோம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினீர்கள்: "கொத்தனாரக் கட்டிக்கிட்டவளுக்கு இந்த வீட்ல ஒரு செங்கல்லுகூடக் கிடையாது!" அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எதையும் மறக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து கட்டுவோம், உங்கள் கண் முன்னாலேயே கட்டுவோம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள், தெரியும்.

இப்படிக்கு,
கொத்தனார் பெண்டாட்டி


3 மார்ச் 1991

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வாய் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டினால் உன் பேத்திதான் குடிபோவாள். பின்னால் வந்துவிட்டால் முன்வாசல் திறந்துவிடும் என்று மட்டும் கனவு காணாதே. என் சொல்லை மீறிப் போனவள் போனவள்தான்.

அண்ணன்


12 ஜூன் 1994

அண்ணாவுக்கு,

கல்யாணத்தை அன்றைக்கே பண்ணிப் பார்த்துவிட்டோம். வீட்டையும் மூன்று பக்கம் ஜன்னல் தலை உயரத்துக்கு, லிண்டல் மட்டத்துக்குக் கட்டிப் பார்த்துவிட்டோம். போன வாரம் குட்டி பள்ளிக்கூடம் சேர்ந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு, கூரையில்லாத கூடத்தில் பாய் விரித்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டோம்.

வீட்டுக்கு ஆறு ஜன்னல். உங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"அந்தப் பக்கந்தான் காத்து வரும். ரெண்டு ஜன்னலாவது விட்டுடலாமா?" என்று குட்டியின் அப்பா கேட்டார்.

"ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது."

"வேர்த்துக் கொட்டும்டி."

"கொட்டட்டும்" என்றேன்.

உங்கள் பக்கச் சுவர் இப்போது முழங்கால் உயரம்தான். அதை எல்லையை ஒட்டியே எழுப்புகிறோம். உங்கள் பின்னறை ஜன்னலுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும். பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும் என்று இனி உங்களுக்கும் தெரியும்.

கொத்தனார் பெண்டாட்டி


19 ஜூன் 1994

தங்கைக்கு,

அந்தப் பின்னறையில்தான் அம்மாவின் கட்டில் இருக்கிறது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு உடைந்தது. அதிலிருந்து எழுந்து நடக்கவில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருப்பதால் வெளியிலிருந்து உனக்குத் தெரிந்திருக்காது. மணல் மேட்டில் உன் பெண் விளையாடுவதை ஞாயிறுதோறும் படுத்தபடியே பார்ப்பாள். நான் உள்ளே போனால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள். முன்னறைக்கு மாற்றுகிறேன் என்றால் முடியாது என்கிறாள்.

சுவரை இப்போதிருக்கும் உயரத்துக்கு மேல் உயர்த்தாதே. நான் யாரிடமும் எதையும் கேட்டவன் இல்லை. இதைக் கேட்கிறேன்.

அண்ணன்


28 ஜனவரி 1995

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு அந்த வாரமே பதில் சொல்லிவிட்டோம். ஜன்னலைத் திறந்தால் தெரியும்.

"அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது" என்று சொல்லித்தான் அன்றைக்கு என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தீர்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இடுப்பு என்கிறீர்கள். எத்தனை தடவைதான் புலி வருகிறது என்று நம்புவது? உண்மையாகவே அம்மா படுத்திருந்தால், "வந்து பார்" என்று இரண்டு வார்த்தை எழுதியிருப்பீர்கள். கடிதத்தை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது மட்டும் இல்லை.

பிப்ரவரி ஒன்பது, குட்டியின் ஐந்தாவது பிறந்தநாளன்று குடிபோகிறோம். உங்களுக்கு அழைப்பு இல்லை. ஆனால் மைக்செட் இருக்கிறது.

கொத்தனார் பெண்டாட்டி


16 பிப்ரவரி 1995

தங்கைக்கு,

அம்மா போய்விட்டாள். நீ குடிபோன அன்று காலை ஏழு மணிக்கு. நாலு மணிக்கெல்லாம் எடுத்துவிட்டோம்.

வந்தவர்கள் எல்லோரும், "மகளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள். "சொல்லியாச்சு. வரமாட்டாளாம்" என்றேன். பின்னாலிருந்து உன் வீட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்ததால் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். உன் அண்ணி இரண்டு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு உன்னிடம் ஓடக் கிளம்பினாள். அவளைத் தடுத்துப் பின்கதவைப் பூட்டினேன். இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்திருந்தால் கூட்டத்தை நீயே பார்த்திருப்பாய்.

சுவர் வந்த பிறகு எட்டு மாதம் அம்மா விளக்கு வெளிச்சத்தில்தான் கிடந்தாள். அதைப் பற்றி ஒருநாள்கூடக் குறை சொல்லவில்லை. "மாப்பிள்ளை எவ்ளோ நேரா கட்டியிருக்காரு பாருடா" என்றாள். நான் வாயைத் திறந்து ஒருநாளும் அப்படிக் கூப்பிடாதவரை மாப்பிள்ளை என்றாள். அதைக் கேட்ட அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கடைசி முகத்தை உனக்குக் காட்டுவதில்லை என்று.

பழிக்குப் பழி ஆயிற்று. இனி எழுதாதே.

அண்ணன்


23 பிப்ரவரி 1995

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் குட்டியின் அப்பாதான் எனக்குப் படித்துக் காட்டினார். அம்மா "மாப்பிள்ளை" என்று சொன்ன இடத்தில் அவரால் மேலே படிக்க முடியவில்லை. எழுந்து போய் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மீதியை நானே படித்தேன்.

ஒலிபெருக்கியை உங்கள் பக்கம் திருப்பி வைத்தது அவர் இல்லை, நான். காலையில் ஆறரை மணிக்குத் திருப்பினேன்.

"இடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இடித்தால் இனி அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். நாம் இரண்டு பேரும் அதற்குத் தகுதியானவர்கள் இல்லை.

எழுதாதே என்றீர்கள். இதற்குப் பிறகு எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். அம்மாவுக்குக் கடைசியில் எந்தப் புடவை கட்டினீர்கள்? வேறெதுவும் எழுத வேண்டாம், அதன் நிறத்தை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். கண்ணை மூடினால் அம்மாவை எதில் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

தங்கை