உள்ளங்கைச் சீனி

அக்கா,

போன வாரம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது, பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஏனுங்க பெரியம்மா, இது உங்க கைதானுங்களே?" பார்த்தேன். ஒரு வீடியோ. எமரால்டு ஊரில் உங்கள் வீட்டுத் தோட்டம். நீங்கள் நிற்கிறீர்கள். கீழே ஒரு கை நீண்டிருக்கிறது, கொழுந்துக் கறை ஏறிய கை. என் கையேதான். முகத்தைக் காட்டவில்லை. அந்தக் கையில் நீங்கள் தொடாமல், மேலேயிருந்து, கரண்டியால் எதையோ போடுகிறீர்கள்.

படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொல்கிறது: திரையில் ஏழைகளுக்காக அழுத இந்த நடிகை, வீட்டில் தொழிலாளிகளைத் தொடக்கூட அருவருத்தாராம்.

அட பாவிகளா! நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லை என்றதும் என்ன துணிச்சல் பாருங்கள்.

உங்கள் ரோஜாச் செடிகளுக்குக் களை எடுக்க வந்த முதல் நாள், பீங்கான் கோப்பையில் பால் டீ கொடுத்தீர்கள். நான் குடிக்காமல் வைத்திருந்தேன். "ஏன், என் டீ தொண்டையில இறங்காதா?" என்று அதட்டினீர்கள்.

"இல்லைங்கக்கா, எங்களுக்குப் பால் இல்லாத வெறும் தேத்தண்ணிதான். சீனியைக் கையில வச்சு நக்கிக்கிட்டே குடிப்போம். சிலோன் தோட்டத்துப் பழக்கம்."

விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உடனே டப்பாவை எடுத்துவந்து நீங்களே என் கையில் சீனி போட்டீர்கள். ஈரக்கையில் கரண்டி பட்டால் டப்பாச் சீனியெல்லாம் கட்டியாகிவிடும், மேலேயிருந்து போடுங்கள் என்று சொன்னதே நான்தான். அடுத்த நிமிஷம் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோதிரக் கையை நீட்டி, "எனக்கும் போடு" என்றீர்கள். போட்டேன். அதிலிருந்து பத்து மணித் தேத்தண்ணிக்கு எப்போதும் அப்படித்தான். எனக்கு நீங்கள் போடுவீர்கள், உங்களுக்கு நான். ஒரு நாள் உங்கள் சொந்தக்காரப் பெண் அதைப் போனில் எடுத்தாள். நான் உங்களுக்குப் போடும் முறை வருவதற்கு முன்னாலேயே இந்தப் படக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.

நீங்கள் ஒன்றும் சாமி இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ரோஜாவைக் கவாத்து வெட்டும்போது ஒரு கிளை தப்பிப்போனதற்கு, வாசலைக் காட்டி "போடி வெளியே" என்று கத்தினவர்தான். மன்னிப்பு என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்ததே இல்லை. மறுநாள் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்று, "செடி உன்னைத் தேடுது, வா" என்றீர்கள். கோபக்காரி என்று படம் எடுத்திருந்தால் நானே வந்து சாட்சி சொல்லியிருப்பேன்.

செல்வி சும்மா இருப்பாளா? அந்தப் படத்துக்குக் கீழேயே, "இது எங்க பெரியம்மா கை, கதையே வேற" என்று எழுதிப் போட்டாள். இன்று காலையில் படக்காரர் ஒருவர் கேமராவோடு மலையேறி வந்துவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா. நீங்க பாதிக்கப்பட்டவங்க. முகத்தை மறைச்சே போடுறோம். நடந்ததைச் சொல்லுங்க."

ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே கேமராவை அணைத்துவிட்டார். "அவங்க பெரிய நடிகைம்மா. உங்ககிட்டயும் நடிச்சிருக்கலாம்ல?"

"பதினோரு வருஷமாவா தம்பி? ஆளில்லாத தோட்டத்துல, யார் பார்க்கிறதுக்கு? என் கையை ஊருக்கெல்லாம் காட்டினீங்களே, அதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவங்க கேட்டாங்க, ஏன் குடிக்கலைன்னு."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாற்றிப் போடுவார்களோ மாட்டார்களோ, தெரியாது. யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். உங்களுக்காக மட்டும் இல்லை அக்கா. அது என் கை. அதில் என்ன விழுந்தது என்று நான்தான் சொல்ல வேண்டும்.