கறி மடிக்கும் தாளில் வரைந்தவளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் கண்காட்சிப் படம் பத்திரிகையில் வந்த மறுநாள் நம் தெருக் கிடங்குக்காரன் கறிக்கடைக்கு வந்தான். படத்தில் கத்தரிக்கோலோடு நிற்கிறவன் யாரென்று ஊரே கண்டுகொண்டது, அவனுக்குத் தெரியாதா. எதிர்க்கடைத் தையல்காரரை அவன் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றதை எட்டு வயதில் நம் ஜன்னல் வழியே பார்த்தவள் நீ ஒருத்திதான். அன்றைக்கே கறி மடிக்கும் தாளில் கரியால் வரைந்து காட்டினாய். பாப்பா நல்லா கிறுக்குது என்று ஸ்டேஷனில் சிரித்து அனுப்பினார்கள். நீ விடாமல் அதையே வரைந்தாய், கறி வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் அந்தக் கத்தரிக்கோல் போய்ச் சேர்ந்தது, வாடிக்கை குறைந்ததுதான் மிச்சம். ஓவியப் பள்ளிக்குப் போனதும் இனி பூ வரைவாய் என்று நினைத்தேன். பேனர் எழுதினாய், புத்தகங்களுக்கு அட்டைப்படம் போட்டாய், கடைசியில் உனக்கென்று ஒரு கண்காட்சி வந்தபோதும் அந்தக் கத்தரிக்கோலைத்தான் எடுத்தாய்.

வந்தவன் கண்ணாடிப் பெட்டியை நொறுக்கினான். என்னை வெட்டுக்கட்டையில் மல்லாத்தி, என் கத்தியையே என் கழுத்தில் வைத்துக் குனிந்து, உம் பொண்ணுக்கு எழுது, படத்தை எடுக்கச் சொல்லு, இல்லன்னா இங்கயே உன்னைத் துண்டு போட்டுருவேன் என்றான். தோல் கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. அம்மா எடைக்கல்லால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டாள், எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அலறிக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினான். இன்னும் பிடிபடவில்லை, அதனால் நீ இப்போது இங்கே வராதே. அம்மா எடைக்கல்லைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறாள்.

நேற்று தையல்காரர் மனைவி பத்திரிகையோடு வந்தாள். படத்தில் அவர் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்து, அவரு தனியாச் சாகலைன்னு இப்பத்தான் தெரியுது என்று அழுதாள். எனக்குத் தையல் போட்ட கழுத்து விண்ணென்று வலித்தது, ஆனாலும் உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அவன் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொல்வது, படத்தை எடுக்காதே. உன் கண்ணும் கையும் என்றைக்கும் நன்றாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் திருத்து. படத்தில் அவனுக்கு இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன. இடது காது இப்போது பாதிதான், மீதியை நான் கடித்துத் துப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கறிக்கடை அப்பா