இடது கடைவாய்ப் பல்

டாக்டரம்மாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ கோபித்துக்கொண்டு நம் கிளினிக்கை விட்டுப் போனதைப் பற்றி இதில் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை. இது முழுக்கத் தொழில் விஷயம்.

தாடையில் செயற்கைப் பல் பதிக்கச் சாதாரண எக்ஸ்ரே போதும் என்று இன்றும் சொல்வேன். என்னிடம் வந்த ஒருவருக்கும் இதுவரை நரம்பில் பட்டு உதடு நிரந்தரமாக மரத்துப் போனதில்லை. "அது எலும்போட உயரத்தைத்தான்ப்பா காட்டும், தடிமனைக் காட்டாது. ஸ்கேன் மெஷின் வாங்கலாம்ப்பா" என்று சண்டை பிடித்தவள் நீ.

நீ போன பிறகு என் இடது கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியதும், சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று நம் கிளினிக்கில் எக்ஸ்ரேயும் வெளியே ஒரு சென்டரில் ஸ்கேனுமாக இரண்டு படமும் எடுத்தேன். எக்ஸ்ரேயில் என் தாடை மதில்சுவர் மாதிரி நிற்கிறது. ஸ்கேனில் அதே இடம் நாக்குப் பக்கமாகக் குழிந்து கிடக்கிறது. என் வழக்கப்படி நேராகத் துளைத்தால் எலும்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். இதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உன் அம்மா இரண்டையும் பார்த்தாள். "அப்பனும் பொண்ணும் ஊரார் வாயையெல்லாம் திறந்து பாக்குறீங்க. உங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்க மாட்டேங்குறீங்க" என்றாள்.

ஸ்கேனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேறு எந்த டாக்டரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். பல் பதிக்க நீதான் வர வேண்டும். வேலை முடியும்வரை உன் கை என் வாய்க்குள் இருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் அப்போது சொல்லிவிடு. நான் குறுக்கே பேச முடியாது.

இப்படிக்கு,
உன் நோயாளி