கூட்டாளிக்குக் கிடைத்த விருது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் தருகிறாளா? நான் நலம். கையில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். கண்ணாடி டம்ளர் உடைந்துவிட்டது, பயப்படாதீர்கள்.

சினிமா விருது விழாவை எங்கள் தொழிற்சாலை கேன்டீன் டிவியில் போட்டார்கள். யாருக்கு எந்த விருது என்று ஆளாளுக்கு ஜோசியம் சொன்னார்கள். சிறந்த கதைக்கு எல்லோரும் சொன்னது உங்கள் பழைய கூட்டாளியைத்தான். நான் மட்டும் கிடைக்காது என்றேன்.

"ஏன்டா, அவர் மேல உனக்கென்ன கோபம்?" என்றான் என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர்.

"அது எங்கப்பா எழுதின கதை. படிச்சிட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனவன் அவன்."

"அப்படியா! அந்தப் படத்துல பாட்டெல்லாம் எங்க தாத்தா எழுதினதுடா!"

கேன்டீனே சிரித்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கூட்டாளி விருது வாங்க மேடையேறினான். கதை கனவில் வந்ததாம். டம்ளரை மேசையில் ஓங்கி அடித்தேன். கையில் கட்டுப் போட்டுவிட்டவனும் வெல்டர்தான். ஆனாலும் அவனோடு நான் பேசுவதில்லை.

மறுநாள் அம்மா போனில் சொன்னாள். அந்தக் கூட்டாளிக்கு வாழ்த்துச் சொல்லப் போனீர்களாமே? உள்ளே இருந்துகொண்டே இல்லையென்று சொல்லி அனுப்பினானாமே? எனக்கு அவனைவிட உங்கள் மேல்தான் ஆத்திரம். திருடனுக்கு எதற்கு வாழ்த்து? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?

கைக்குத் தடவ மருந்து அனுப்புங்கள். அந்தக் கதையை உங்கள் குரலிலேயே சொல்லி, போனில் பதிவு செய்தும் அனுப்புங்கள். இருமல் வந்தால் வரட்டும், அழிக்காதீர்கள். யாருக்கும் நிரூபிக்க அல்ல. ராத்திரியில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

கோபம் தீராத,
உங்கள் மகன்