குரல் போன பிறகு செவலை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1927, மாசி மாதம் 9ந் தேதி

ரங்கூனில் இருக்கும் அன்பு மகள் வள்ளியம்மாவுக்கு அப்பா கன்னையா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அம்மா நலம். என் நலத்தைப் பற்றி மட்டும் போன மூன்று கடிதத்திலும் மறைத்துவிட்டேன், இனி மறைப்பது சரியில்லை.

புரட்டாசியில் என் தொண்டையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் நான் கையைக் காட்டினால் புரிந்துகொள்கிறாள். நம் செவலைக் குதிரைக்குத்தான் புரியவில்லை. எட்டு வருடமாக அது என் குரலுக்கே ஓடி என் குரலுக்கே நின்ற குதிரை, கடிவாளத்தை நான் சும்மா பிடித்திருப்பதோடு சரி. கார்த்திகையில் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாசார் சந்தைக்குப் போனேன். எதிரே மோட்டார் வரவும் அது மிரண்டது, ஹோ என்று கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. வண்டி வாய்க்காலில் சாய்ந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பயப்படாதே, இப்போது கூடிவிட்டது. ஆனால் அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாயில்லா ஜீவனைச் சாட்டை பிய்யும்வரை அடித்தேன். அதற்குப் பிறகு என் கையிலிருந்து அது புல்கூடத் தின்னவில்லை, நான் லாயத்துக்குள் போனாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

பந்தயக் குதிரைகளைப் பழக்கும் டொமினிக் என்பவர் மாதா கோயில் பக்கம் குடியிருக்கிறார். அவரிடம் போய்ச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, குதிரை நல்லாத்தான் இருக்கு, பாடம் ஒங்களுக்குத்தான் வேணும்" என்றார். பத்து நாள் வண்டியே பூட்டவில்லை. சாட்டை இல்லாமல் பக்கத்தில் சும்மா நிற்கச் சொன்னார், அதுவாக வந்து மூக்கை என் தோளில் வைக்கும்வரை நின்றேன். பிறகு கடிவாளம். "நீங்க பயந்தா கை இறுகுது, அது வாய் வலிக்குது, அதுக்கு வேற என்னா தெரியும்? ரெண்டு தரம் மெல்ல இழுங்க. நின்ன ஒடனே விட்டுடணும். விடுறதுதான் நீங்க அதுக்குச் சொல்ற நல்ல வார்த்தை" என்றார். தை பிறந்தபோது என் விரல் அசைவுக்கே நின்றது.

குதிரையைப் பழக்க ஏன் இவ்வளவு அவசரம் என்று டொமினிக் ஒருநாள் கேட்டார். கழுத்தில் மறுபடியும் கட்டி தட்டுப்படுகிறது, இந்தத் தடவை அறுத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பிறகு யார் கைக்கும் அடங்காத குதிரையை எவன் வைத்திருப்பான், சுட்டுத் தள்ளிவிடுவார்கள் என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிலேட்டைத் தன் வேட்டியாலேயே துடைத்தார். நேற்று நான் வேலியோரம் நிற்க, அவரே வண்டியை ஓட்டிப் பார்த்தார். போகச் சொன்னதும் போயிற்று, நிறுத்தியதும் நின்றது. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் வேண்டிக்கொண்டது அதுதான், ஆனாலும் வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. அவரே அதை வைத்துக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லி, சித்திரைக்குள் பேரனோடு ஒரு தடவை வந்து போ. கப்பலில் காற்று அதிகம், பிள்ளைக்குக் காதை மூடித் துணி கட்டு. அம்மாவிடம் கட்டி திரும்ப வந்ததை நான் இன்னும் தெரிவிக்கவில்லை, உன் கடிதத்தை அவளுக்கு வேறு யாராவதுதான் படித்துக் காட்டுவார்கள், அதனால் நீயும் எழுதிவிடாதே. எல்லா மங்களமும் உண்டாகட்டும் மகளே. போர்ட் சுவெட்டன்ஹாமில் நீ இறங்கும்போது கூட்டத்தில் என்னைத் தேடு. அப்பா பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே என்று நினைக்காதே, கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கன்னையா