முதுகில் தட்டாத மூன்று நாட்கள்

என் மாமாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட உங்களை இப்படி நேராகக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். மாமனார் முகத்துக்கு நேராக மருமகள் பேசக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வேன், அவர் உங்களிடம் சொல்வார். நீங்கள் போய் எட்டு வருஷம் ஆன பிறகு, ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே அத்தை கண் அயர்ந்திருக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்கிறது.

ஆமாம் மாமா, அத்தைக்கும் உங்களுக்கு வந்த அதே நுரையீரல் நோய்தான். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டபோது, அந்த இளைப்பிலும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுப்புப் புகைங்க," என்று நான்தான் சொன்னேன். வேலை பார்த்த ரைஸ் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்து போடுவீர்களே, அந்த உமி அடுப்பில் முப்பது வருஷம் சமைத்தவர். நம் வீட்டுக்கு கேஸ் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

உங்கள் இருமலை நான் எவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டேன் தெரியுமா? வாசலில் நின்று ஒரு கனைப்பு கனைத்துவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். அதைக் கேட்டதும் நான் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். கடைசி வருஷம் அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது, நானும் நாள் முழுக்க எழுந்து எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

இங்கேயே ஆண்கள் வார்டில் உங்களைச் சேர்த்தபோது உங்கள் மகன் லாரியோடு பம்பாயில் இருந்தார். பிசியோதெரபி டாக்டரம்மா போளூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துண்டை மடித்து முதுகில் போட்டு, கையைக் குழித்துத் தட்டிக் காட்டினார். கட்டியிருக்கிற சளி அப்போதுதான் பெயருமாம். மற்ற நாட்களில் காலையும் மாலையும் வீட்டு மனுஷர்தான் தட்ட வேண்டும் என்றார். அத்தை நான்கு தட்டு தட்டிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஏன் அப்படி இளைக்கிறது என்று அன்றைக்கு யாருமே கேட்கவில்லை.

"நீங்க யாரும்மா?" என்றார் டாக்டரம்மா.

"மருமகங்க."

"அப்ப நீங்கதான். வாங்க, கையைக் காட்டுங்க."

நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "அது மருமகப் பொண்ணும்மா, வேணாம்," என்றீர்கள்.

"இருக்கட்டுமே. மருமகளுக்குக் கை இல்லையா?" என்று அவர் என் கையைப் பிடித்து உங்கள் முதுகில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பயந்து பயந்து தட்டினேன். "இன்னாம்மா, தூங்க வெக்கறீங்களா? சத்தம் வரணும்," என்று அதட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பெரியவரைப் போட்டு மருமகள் அடிக்கிறாளே என்று ஒருத்தர் சொன்னதும் காதில் விழுந்தது.

அன்றைக்கு அரை டம்ளர் சளி வந்தது. சாயங்காலம் மூன்று இட்லி சாப்பிட்டீர்கள். நாலாம் நாள் யாரையும் பிடிக்காமல் கக்கூஸ் வரை நடந்து போய் வந்தீர்கள், வார்டே பார்த்தது. அதற்கு மறுநாள் நான் தட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடியே கேட்டீர்கள்.

"கை வலிக்குதாம்மா?"

பதினோரு வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் வாய் திறக்கவில்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். உங்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

அடுத்த வாரம் தீபத் திருவிழா வந்தது. கிரிவலத்துக்கு வந்த சொந்தமெல்லாம் அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போக ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம். காலை பத்து மணிக்கு நான் துண்டை எடுத்தேன். உங்கள் தங்கை என் கையைப் பார்த்தார். அத்தை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவர்களைப் பார்த்தீர்கள், கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் துண்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

அப்படியே மூன்று நாள். தீபக் கூட்டத்தில் ஊருக்குள் பஸ் வராததால் டாக்டரம்மாவும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றியதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார்கள். உங்கள் நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

"நுரையீரல் முன்னாடியே ரொம்பக் கெட்டுப்போச்சும்மா. நீங்க தட்டாததால இல்ல," என்று பெரிய டாக்டர் சொன்னார். உண்மையைத்தான் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? எட்டு வருஷமாக இதே கேள்விதான். சோறு வடிக்கும்போதும் வரும், துணி துவைக்கும்போதும் வரும். அத்தையிடம் இதைப் பற்றி வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. "கண்ணைக் காட்டினது நீங்கதானே" என்று அவரைக் கேட்டுவிடுவேனோ என்று எனக்கே பயம்.

இப்போதும் அதே டாக்டரம்மாதான். அவருக்கு மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது, பஸ்ஸில் வந்து போயே களைத்துப்போகிறார். மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது அணையாமல் சுடர் மட்டும் ஆடுகிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விடச் சொல்கிறார். அத்தை நன்றாக ஊதி அணைத்துவிட்டு அவரையே முறைக்கிறார். வராந்தாவில் நடக்கச் சொன்னால், "நடக்க முடியாமத்தானே இங்க வந்து படுத்தேன், நடன்னா இன்னா அர்த்தம்?" என்று சண்டை. இருந்தாலும் நடக்கிறார். அத்தைக்கும் சளி கட்டியிருப்பதால் தட்டுகிற வேலை திரும்ப என் கைக்கே வந்துவிட்டது. உங்கள் மகன் வாங்கிய செல்போனில் தினம் கூப்பிட்டு, அம்மா நடந்தாங்களா என்று கேட்கிறார்.

நேற்று தீபத்துக்கு வந்த உங்கள் தங்கை, பிள்ளைகளும் மருமகள்களுமாக வார்டுக்குள் நுழைந்தார். நான் தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களைப் பார்த்ததும் என் கை தானாக நின்றுவிட்டது. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அத்தை, "ஏன்டி நிறுத்தின?" என்றார்.

நான் உங்கள் தங்கையைப் பார்த்தேன்.

"அன்னிக்கு நான்தான் கண்ணைக் காட்டினேன்," என்றார் அத்தை. நடுநடுவே மூச்சு வாங்கியது. "நாலு பேரு இன்னா சொல்வாங்களோன்னு. மூணு நாள் அந்த மனுசன் தவிச்சாரு. நீ துண்டை எடுத்த, நான்தான் வைக்கச் சொன்னேன். பாக்கறவங்க பாக்கட்டும். தட்டு."

உங்கள் தங்கை தலையைக் குனிந்துகொண்டார். நான் துண்டை மறுபடி விரித்துத் தட்டினேன். அழுதுகொண்டே தட்டினேன். சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

மாமா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். வலிக்குது மாமா. தோள்பட்டை வரைக்கும் வலிக்குது. சாயங்காலம் அத்தையை எழுப்பி மறுபடி தட்டுவேன். எந்தச் சொந்தம் வந்து சுற்றி உட்கார்ந்தாலும் இனிமேல் துண்டை மடிக்கமாட்டேன்.

தலையை மட்டும் ஆட்டிய
உங்கள் மருமகள்,
மல்லிகா