போகியன்று நான் கொளுத்தியது

அக்கா,

என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று இன்று காலை அலமாரியைத் துடைத்தேன். ஒரு புடவை அட்டைப்பெட்டி கையில் சிக்கியது. உள்ளே தறியில் அறுத்துப்போட்ட பட்டு நூல் துண்டுகள், கஞ்சி வாசனையோடு. நீ சேர்த்தவை.

மாமா போன பிறகுதான் உன் வீடு நிறையத் தொடங்கியது. பழைய பேப்பர், பாட்டில், கோயிலில் கொடுத்த மாலைகூடக் காய்ந்து கிடக்கும். கூடத்தில் ஓர் ஆள் நடக்க மட்டும் இடம். உட்கார்ந்தபடியே தூங்குவாய். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "இருக்கட்டும்டா, ஒரு நாளைக்கு ஆவும்" என்பாய்.

போகிக்கு ஊரே பழையதை வெளியே போடுகிறதே, அதோடு இதுவும் தொலையட்டும் என்று நானும் அண்ணனும் திட்டம் போட்டோம். முதல் நாளே உன்னை வாலாஜாபாத்தில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடியற்காலையில் தெருமுனையில் நான்தான் கொளுத்தினேன். மத்தியானம் நீ வந்தபோது மெச்சிக்கொள்வாய் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், மடையன். நீ ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினாய்.

"உங்க மாமா சட்டை இருந்துச்சிடா."

அதன் பிறகு எட்டு மாதம் எனக்குக் கதவு திறக்கவில்லை. வீடு முன்னைவிட அதிகமாக நிறைந்தது.

திமிர் என்று உன்னை ஏசிக்கொண்டிருந்த நான், கடைசியில் வழி தெரியாமல் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவைப் பார்த்தேன். "இது நோய்ங்க. நீங்க தூக்கிப் போட்டா பயம்தான் ஏறும். அவங்களே எடுக்கணும்" என்றார். உன் ஜன்னலோரம் நாலு வாரம் நின்றேன். "எதையும் தொடமாட்டேன்கா, சும்மா வா." ஐந்தாவது வாரம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

மாத்திரை, டாக்டரம்மாவிடம் பேச்சு, வாரத்துக்கு ஒரு பை. எது போகவேண்டும் என்பதை நீதான் சொல்வாய். சில வாரம் பாதிப் பைகூட நிறையாது. ஒருநாள் கூடத்தில் பாய் விரித்து, "கால நீட்டிப் படுத்து எவ்ளோ நாளாச்சி தெரியுமா" என்று சிரித்தாய். போன வருஷம் நீ கண்ணை மூடியபோது ஓர் அறை நிறைந்தேதான் இருந்தது. இருந்தால் என்ன? அந்தச் சிரிப்பு உண்மை.

இன்று ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள். "அக்கா பேச்ச எடுக்காத. பைத்தியக்காரக் குடும்பம்னுடுவாங்க" என்று அண்ணன் முன்கூட்டியே எச்சரித்தான். பையனின் அம்மா உன்னைப் பற்றிக் கேட்டேவிட்டார். "ஊர்ல ஆயிரம் பேசுவாங்கமா" என்று அண்ணன் மழுப்பினான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நெசந்தாம்மா. எங்க அக்காவுக்கு அது ஒரு நோய். வைத்தியம் பாத்தோம், தேறிக்கினு வந்தாங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. கேக்காம அவங்க பொருள கொளுத்துனேன் பாருங்க, வெக்கம் அதுலதான் இருக்குது."

சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். அண்ணன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உன்னை மறைத்துத்தான் வாழப்போக வேண்டுமென்றால் அந்த வீடே வேண்டாம். இது என் பேச்சில்லை அக்கா. என் மகள் சொன்னது.